குருணை கட்டிய பாகு

மூன்றாவது தடவையும் ஃபட்ஜ் மணலாகத்தான் வந்தது. அருணா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். பல்லில் சீனி நறநறவென்றது.

அன்னவாசலில் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கணவன் ரகுநாத் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவிலில் நாத்தனார் ரஞ்சிதாவுக்கு வளைகாப்பு. "அண்ணி, ஒங்க சாக்லேட் ஃபட்ஜ்தான் வேணும்" என்று ஆசையாகக் கேட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு எத்தனையோ முறை செய்து, ஒருமுறைகூட அருணாவுக்குத் தப்பாத பண்டம் அது; பாலும் சீனியும் கோகோவும் காய்ச்சி, ஆறியதும் கிண்டி இறுக்குவது.

முதல் தடவை சீனி சரியாகக் கரையவில்லை என்று நினைத்தாள். அடுத்த தடவை சட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரத்துணியால் வழித்துவிட்டாள். மூன்றாம் தடவை எலுமிச்சைச் சாறும் நாலு சொட்டு விட்டாள். தண்ணீரில் சொட்டினால் மெத்தென்று உருளும் பதத்தில்தான் இறக்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

புதுக்கோட்டை பேக்கரி ஒன்றில் வேலை பார்க்கும் தோழி இசைவாணிக்குப் போன் போட்டாள்.

"சூட்டோட கிண்டுனியாடி?"

"இல்ல. வெதுவெதுப்பா ஆறுற வரைக்கும் தொடவே இல்ல."

"அப்ப ஒனக்குத் தெரியாம யாரோ கிண்டியிருக்காங்க. ஆறும்போது கரண்டி பட்டாத்தான் இப்பிடிக் குருணை கட்டும்."

இசைவாணி சிரித்தாள். அருணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான்.

மறுநாள் உச்சிவேளையில் மறுபடி காய்ச்சி இறக்கினாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பாகின்மேல் ஜன்னல் கம்பிகள் கண்ணாடியில் போலத் தெரிந்தன. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பிகள் நெளிந்தன. பாகில் ஒரு கோடு விழுந்தது. அவசரமில்லாமல் அது சட்டியைச் சுற்றி வந்தது. அடியை வழிப்பதுபோல் ஓரத்தில் கொஞ்சம் அழுந்தியது. திரும்பவும் சுற்றியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு மங்கிப் பாகு குருணை கட்டிற்று.

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வீட்டுச் சொந்தக்காரி பிச்சையம்மாள் அங்கேதான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அருணாவைத் திண்ணையில் உட்கார வைத்தாள்.

"ஒங்களுக்கு முன்னாடி பொற்கொடின்னு ஒருத்தி குடியிருந்தாத்தா. பால்கோவா கிண்டிக் கடைக்குப் போடுவா. கை விடாமக் கிண்டணும்ல, இல்லாட்டி அடிபிடிச்சிரும். ஒருநா கிண்டிக்கிட்டே நெஞ்சடைச்சு விழுந்துட்டா. நாங்க போறப்ப ஒடம்பு வெறச்சுக் கெடக்கு. அடுப்பு எரியுது. ஆனா பாலு அடிபிடிக்கவே இல்லத்தா."

மறுநாள் சனிக்கிழமை; வளைகாப்புக்கு ஒரு நாள்தான் இருந்தது. பாகை இறக்கியதும் வெறும் அடுப்படியைப் பார்த்து அருணா சொன்னாள்: "அக்கா, இது பால்கோவா இல்லக்கா. அடிபிடிக்காது. ஆறுனதுக்கப்புறந்தான் கிண்டணும்."

பாகு அசையவில்லை.

சட்டியின் அடி உள்ளங்கைக்கு வெதுவெதுப்பானதும் கரண்டியை எடுத்தாள். கிண்டக் கிண்டப் பாகு இறுகியது. பத்து நிமிடத்தில் தோள் கடுத்தது. திடீரென்று கரண்டி லேசானது. காம்பில், அவள் விரல்களுக்குக் கீழே, இன்னொரு பிடி இருந்தது. அடுப்படியில் வெந்த கையைப் போல அது சுட்டது. கத்தத்தான் வாயெடுத்தாள். நிறுத்தினால் இதுவும் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினாள். மினுமினுப்பு மங்கிய கணத்தில் கரண்டி தானாக நின்றது. குருணை கட்டாத பாகை அவள் தட்டில் கொட்டினாள்.

"வெண்ணெ மாதிரி கரையுது அண்ணி" என்றாள் மறுநாள் வளைகாப்பில் ரஞ்சிதா.

திரும்புகிற பஸ்ஸில் ரகுநாத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. இருபது நாளில் வேறு வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும் முன் அருணா அடுப்படிக்குப் போனாள். "போயிட்டு வாரே..." என்று வழக்கம்போல் வந்த வார்த்தையைப் பாதியில் விழுங்கினாள்.

"போறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.