பிரிக்காத கேசட்

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லத்தான் மாரிசெல்வி கீழே இறங்கினாள். வீட்டுக்காரர் எழிலரசன் கூடத்தில் இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைப்பாக்கத்து நிலத்தை விற்ற கையோடு எட்டு வாடகை அறைகள் கட்டினார். மீதியில் ஆளுயர ஸ்பீக்கர்கள் வாங்கினார். சுவர் முழுக்க இசைத்தட்டுகள், ஓர் அலமாரி நிறையக் கேசட்டுகள்.

அந்த அலமாரியில்தான் அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்.

கேசட் அட்டையில் மைக் முன்னால் ஐந்து பேர். இரண்டாவது ஆள் சங்கரநாராயணன். சங்கரன்கோவில் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடியவர். அவளுக்கு இரண்டு வயதில் பாம்பு கடித்துச் செத்தார். வீட்டிலிருந்த ஒரே கேசட்டை டேப் ரெக்கார்டர் மென்று தின்றுவிட்டது. அவர் குரல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

"இது எங்க அப்பா, அண்ணாச்சி. ஒரே ஒரு தடவ போடுங்களேன்."

எழிலரசன் கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "மேல இருக்கிற கண்ணாடிப் பேப்பர பாத்தியா? இன்னும் பிரிக்கல. அதான் மதிப்பு. பிரிச்சா குப்ப."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நான்காம் நாள் அவரே ஒரு வழி சொன்னார்.

"ஆயிரத்து எரநூறு தட்டு கீது. எல்லாம் பூஞ்ச புடிச்சிகினு வருது. ஞாயித்துக்கெழம வந்து தொடச்சி குடு. முடியிற அன்னிக்கு உன் கையாலயே பிரிச்சிக்க." கேசட்டை உள்ளறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஒரகடம் தொழிற்சாலையில் ஞாயிறு ஓ.டி.க்குப் பெயர் கொடுப்பதை அவள் நிறுத்தினாள். வாரத்துக்கு நாற்பது தட்டு. தரையில் உட்கார்ந்து, மெல்லிய துணியை நனைத்து, வரிகளின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஒரு தட்டில் விரல் ரேகை தெரிந்ததற்கு அன்றைய நாற்பதையும் மறுபடி துடைக்க வைத்தார்.

ஊரிலிருந்து அம்மா அன்னக்கிளி வாராவாரம் விசாரிப்பாள். "மொதப் பாட்டுக்கு முன்னால அவுக ஒரு இருமல் இருமுவாக. அதயும் சேத்துப் பதிஞ்சிட்டானுவ. கவனிச்சுக் கேளுட்டி."

தை கடைசியில் ஆயிரத்து இருநூறாவது தட்டும் உறைக்குள் போனது. மாரிசெல்வி கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று போன் போட்டு வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"எது? ஓ, அந்த கேசட்டா? பெங்களூர்காரர் ஒருத்தர் தீவாளிக்கு முன்னாடியே வாங்கிகினு போயிட்டாரே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மீதிய தொடச்சிருப்பியா?" கேலியாகச் சொல்லவில்லை. நியாயமான கேள்வியைப் போலத்தான் கேட்டார்.

போனுக்குள் அம்மாவின் குரல், "என்னட்டி, பாட்டு ஆரம்பிச்சிட்டா?" என்றது. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

கெஞ்சி நம்பர் வாங்கி, அங்கேயே நின்று பெங்களூருக்குப் பேசினாள். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

"என்கிட்ட பிளேயரே இல்லம்மா. ஷோகேஸ்ல வச்சிருக்கேன். எந்தக் காலத்துலயும் பிரிக்க மாட்டேன். வேணும்னா போட்டோ அனுப்பட்டுமா?"

அவள் போனை இடுப்பில் செருகினாள். சுழன்றுகொண்டிருந்த தட்டின் மேலிருந்து பிளேயரின் ஊசித் தண்டைத் தூக்கி, அதன் நுனி ஊசியைக் கட்டைவிரலால் அழுத்தி ஒடித்தாள். ஸ்பீக்கர்களில் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

"அது ஜப்பான் ஊசிடி, பாவி!" எழிலரசன் அவளைப் பிடித்துத் தள்ளினார். பொழுது சாய்வதற்குள் அவளுடைய இரண்டு பைகளும் தெருவுக்கு வந்தன. ஷேர் ஆட்டோ பிடித்து மண்ணூரில் தோழியின் அறைக்குப் போனாள். கட்டைவிரலில் ரத்தம் நிற்கவே வெகுநேரமாயிற்று.

அடுத்த வாரம் ஷிப்ட் பஸ்ஸில் கலைமதி பக்கத்தில் உட்கார்ந்தாள். எழிலரசன் வீட்டு மாடியில் இன்னும் குடியிருப்பவள்.

"நாலே நாள்ல புது ஊசி வந்துடுச்சுக்கா. நேத்து ஆளுங்கள கூட்டி வச்சி பாட்டு போட்டாரு. ஒரு கரகரப்பு இல்ல, தட்டெல்லாம் கண்ணாடி மாதிரி கீதுன்னு எல்லாரும் ஒரே புகழ்ச்சி."