எழுதாமல் விட்ட செலவு

டிவிடெண்ட் பணம் வீட்டுச் செலவைத் தாண்டுகிற வருஷம் மூட்டை தூக்குவதை விட்டுவிடுவேன் என்று என் மனைவி மாலெம்பாவிடம் சொல்லியிருந்தேன். மொம்பாசாத் துறைமுகக் கிடங்கில் மக்காச்சோளம் சுமந்தே என் முதுகு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கூலி வந்ததும் முதலில் தொழிலாளர் சேமிப்புச் சங்கத்தில் பங்கு வாங்குவோம், மிச்சத்தில்தான் சாப்பாடு. சங்கம் வருஷா வருஷம் தரும் டிவிடெண்டையும் தொடாமல் திரும்ப அதிலேயே போட்டோம்.

ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் செலவு எழுதுவோம். மாவு, எண்ணெய், கரி, தண்ணீர்க் கேன், பஸ் காசு. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மகள் ரிகா பிறந்த பிறகுதான் மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்தேன். அதனாலோ என்னவோ, எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிற புத்தி எனக்கு.

இந்த வருஷம் டிவிடெண்ட் செலவைத் தாண்டியது. மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் செலவு போக ஐந்நூறு ஷில்லிங் மிஞ்சியது. அடுத்த நாளே மேஸ்திரியிடம் போய், வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்றேன். கூட மூட்டை தூக்கும் ந்யாம்பு சிரித்தான்.

"பெருசு, அப்ப நீ முதலாளியா? நாளைக்கு எங்க முதுகுல ஏறி உக்காந்து டிவிடெண்ட் எண்ணுவியா?"

"உன் முதுகு தாங்காது. வேற முதுகு பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது மாலெம்பா மறுநாள் வியாபாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் மந்தாசி என்கிற எண்ணெய்ப் பலகாரம் சுட்டு விற்கிறாள். எண்ணெய்ப் புகையில் நெஞ்சு கெட்டுப்போய், அடுப்புப் பக்கமே போகாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"இனிமே அது எதுக்கு? கைய கழுவு. அந்தக் கடையில என்ன பெருசா மிஞ்சுது?" என்றேன்.

அவள் கையைக் கழுவவில்லை.

"ரிகாப்பா, மந்தாசி காசு எங்க போகுதுன்னு நினைக்கிறே?"

"எண்ணெய்க்கும் மாவுக்குமே சரியாப் போகுதுன்னு நீதானே சொல்லுவே."

"சாவுக்குப் போகுது."

எங்களுக்குச் சொந்த ஊர் தைத்தா மலை. எங்கள் ஆட்கள் மொம்பாசாவில் செத்தால் இங்கே புதைப்பதில்லை, ஊருக்கு ஏற்றித்தான் போக வேண்டும். பெட்டி, வண்டி, கூட வருகிறவர்களுக்குச் சோறு. இழவு வீட்டில் சாயங்காலந்தோறும் கூடி ஆளுக்கு ஒரு தொகை போடுவோம். அப்படிக் கொடுத்ததை எங்கள் வீட்டில் எழுதுவதில்லை. எழுதினால் செத்தவரிடம் திருப்பிக் கேட்கிற மாதிரி. எப்போதாவது வருகிற செலவுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அவள் போனில் பணம் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எங்கள் ஊர் மகேமாவின் தம்பி. சர்ச் மேளக்காரர். ரிகாவின் மாமியார். சாவு இல்லாத மாதமே இல்லை. சில மாதம் மாவுச் செலவைவிட அது பெரிதாக இருந்தது.

"கொடுக்காம விட்டா என்ன ஆகும்?"

"நீ செத்தா உன்னை மலைக்கு யாரு தூக்குவா? நானா?"

"கடல்ல போட்டுடு."

"உன்னைக் கடல்ல போடவும் படகுக்காரன் காசு கேப்பான்." மாவை உருட்டினாள். "நான் சுடறேன், நீ உக்காரு. சொன்ன சொல்ல காப்பாத்திட்டே, போதும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பிசைந்த மாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் திட்டினாள். திட்டவும் மூச்சு போதவில்லை.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனேன். என் இடத்தில் வேறு ஒருவன் நின்றான். நல்ல தோள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தானய்யா போனே? உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு. சிமெண்ட் செட்டுலதான் இடம் இருக்கு."

சிமெண்ட் மூட்டை இறக்கும் அந்தச் செட்டுக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. மக்காச்சோளத் தூசியையாவது இரவு குளித்துக் கழுவிவிடலாம், சிமெண்ட் தூசி போகாது.

"சரி," என்றேன்.

"எத்தனை நாளைக்கு வருவே? பாதியில ஓடிடக் கூடாது."

மந்தாசிக் கடையை மூடியாயிற்று. சாவுக்குப் போகிற பணத்தையும் டிவிடெண்டே தர வேண்டுமென்றால் இன்னும் எவ்வளவு பங்கு வாங்க வேண்டும் என்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். கணக்கு நிற்கவே இல்லை.

"அதை எங்க ஊர்க்காரங்கதான் சொல்லணும், மேஸ்திரி," என்றேன். "எத்தனை பேர் சாவாங்கன்னு எனக்குத் தெரியல."

அவருக்குப் புரியவில்லை. லாரியைக் கை காட்டினார். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்தேன்.