உள்பக்கத் தாழ்ப்பாள்

மொம்பாசாவில் வந்து இறங்கிய அன்றே என் கணவர் கௌஸ் முகம்மதுவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"பத்து நாள் பார்ப்பேன் மச்சான். பேச ஒரு மனுஷி கெடைக்கலன்னா நான் பாட்டுக்கு ஷார்ஜாவுக்கு ஃப்ளைட் ஏறிடுவேன்."

வெறும் மிரட்டல் இல்லை. ரிட்டர்ன் டிக்கெட் என் கைப்பையில் இருந்தது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய கார் பாகங்கள் விற்கிற கடை எங்களுக்கு. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்கர்கள். அவர்கள் இங்கே வருவதற்குப் பதில் நாம் அங்கே போய்விட்டால் என்ன என்று இவருக்கு ஒரு ஞானோதயம். கடையைத் தம்பி அஸீமிடம் விட்டுவிட்டு என்னையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் ஆட்டோவே ஓடுகிறது. நம் ஊர்க் காக்கையே கத்துகிறது. தெருமுனையில் மரவள்ளிக்கிழங்கைப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவிக் கொடுக்கிறார்கள். ஆனால் யாருக்கும் அவசரமே இல்லை. பன்னிரண்டு வருஷம் 'யல்லா யல்லா' கேட்டே பழகிய எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டு வாசலில் ஓயாத வியாபாரம்.

காலையில் இவர் இங்கே புதிதாகப் பிடித்த கடைக்குப் போனதும் ஆரம்பித்துவிடும். கறுப்புப் புர்காவில் ஒரு பெண், கையில் துணி மூடிய தட்டு. "ஹோடி!" என்று குரல் கொடுப்பாள். நான் மூச்சுக் காட்ட மாட்டேன். மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். அரை மணி நேரத்தில் இன்னொருத்தி, இன்னொரு தட்டு. ஷார்ஜா ஃப்ளாட்டில் மணி அடித்தால் கதவின் கண்ணாடித் துளையில் பார்ப்போம். தண்ணீர் ஃபில்டர் விற்கிறவனாக இருந்தால் செத்தவர்கள் மாதிரி நிற்போம். எதிர் ஃப்ளாட்காரி பெயர் தெரியாமலேயே பன்னிரண்டு வருஷம் ஓட்டினவள் நான். எனக்கா தெரியாது?

"இந்த ஊர்ல தட்டு யாவாரம் தாங்க முடியல மச்சான். இன்னிக்கி மட்டும் நாலு பேரு."

"தொறக்காதே அப்ஸானா. ஊருக்குப் புதுசு நாம" என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. முதல் நாள் கட்டிப்பிடித்து வரவேற்ற பக்கத்துக் கடைத் தையல்காரர் இப்போது ஸலாமுக்குப் பதில்கூட முணுமுணுப்பாகத்தான் சொல்கிறாராம். தெருப் பெண்கள் இவரைக் கண்டால் முறைக்கிறார்களாம். "நான் என்ன புள்ள தப்பு பண்ணேன்?" என்று பாவமாகக் கேட்டார்.

எட்டாம் நாள் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். சுவரோடு எத்தனை நாள் பேசுவது?

அப்போது வாசலில் கூட்டம். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள், நடுவில் உளியும் சுத்தியலுமாக ஒரு தச்சர். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இன்னும் அழுத்திப் போட்டேன்.

"தீதி, டரோ மத்!" என்று ஹிந்தியில் ஒரு குரல். பயப்படாதே, உன் புருஷன் கடையில் இருக்கிறான், நாங்கள் பூட்டை உடைத்து உன்னை வெளியே கொண்டுவந்துவிடுவோம் என்றாள் அவள்.

பூட்டா? எந்தப் பூட்டு? எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. தடாலென்று தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தேன்.

ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தார்கள்.

"உள்பக்கமா இருக்கு?" என்றாள் ஹிந்தி பேசியவள். பெயர் ரெஹேமா, மூன்றாம் வீடு.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தெருவுக்குப் புதிதாக வந்தவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தத் தட்டில் எதுவும் விற்பனைக்கு இல்லை! 'ஹோடி' என்றால் 'உள்ளே வரலாமா' என்று அர்த்தமாம். மூன்று தரம் அழைத்துப் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்று எனக்கும்தான் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தார்கள். ஷார்ஜா கதவுக்குப் பின்னால் நின்று நின்று மறந்து தொலைத்திருக்கிறேன். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்கிறது, குரல் மட்டும் வரவில்லை. அப்படியென்றால் புருஷன்காரன் பூட்டி வைத்திருக்கிறான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

"உங்களுக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" என்று ரெஹேமாவிடம் ஹிந்தியில் கேட்டேன்.

"மூணு வருஷம் கல்ஃப்ல ஒரு வீட்டுல வேலை பாத்தேன். சாவி மேடம் ஹேண்ட்பேக்ல இருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

மதியம் சாப்பிட வந்தவர் வீடு நிறைய பெண்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். தச்சர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்தாம் நாள் காலை இவர் தொண்டையைக் கனைத்தார். "ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ சொல்லவா?"

கட்டில்மேல் இருந்த பெட்டியைக் காட்டினேன். அதன்மேல் ஒன்பது தட்டுகள் அடுக்கியிருந்தன.

"இதையெல்லாம் வெறுமனே திருப்பிக் குடுக்க முடியுமா மச்சான்? எங்க வீட்டுப் பழக்கத்துலயே அது கெடையாது. போய்ச் சீரகச் சம்பா கெடைக்குதான்னு பாருங்க" என்றேன்.

வாசலில் "ஹோடி!" என்று குரல் கேட்டது. இரண்டாவது தரம் கூப்பிடும் முன் நான் கதவருகே இருந்தேன்.