இரண்டாம் மாடி ஸ்டாப்பிங்

மைத்துனன் இரண்டு நாற்காலிகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டு, மூன்றாவதைத் தூக்கும்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் பார்த்தார். இரண்டாம் மாடியில், படி திரும்புகிற இடத்தில் கிடந்த பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி அது.

“அதை வை.”

“மாமா, அக்காவைக் கீழ எறக்கணும். ஸ்ட்ரெச்சர் திரும்ப வேணாமா? வண்டி வந்து அரை மணி நேரமாச்சு.”

“சுவரோட ஒட்டிப் போட்டா திரும்பும். நான் அளந்திருக்கேன். வைடா.”

வைத்தான். விடியற்காலையில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனிடம் ஒரு நாற்காலிக்காக என்ன மல்லுக்கட்டுவது?

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அதைச் சொல்லிச் சிரிக்க அவர் மனைவிக்கு அலுத்ததே இல்லை. “நமக்கு ஒரு கயிறும் கூடையுமாச்சும் கட்டி விடுங்களேன்” என்பாள். அவள் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்றே பிழைத்தவள். அப்படிப்பட்டவள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த இரண்டாம் மாதம், பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கினாள்.

“தூக்கம் வருதா?” என்று கேட்டார்.

“தூக்கமில்லைங்க. தூங்கி எந்திரிச்சாலும் இப்படித்தான் இருக்கு. நான் கூப்பிட்டா உடம்பு வரமாட்டேங்குது.”

மாடிக்கு ஒரு நாற்காலி போட்டது அவள் யோசனை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றிலும் உட்காருவாள். அதற்கு ஸ்டாப்பிங் என்று பெயர். கைப்பிடிக் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். “அஞ்சு நிமிஷம் நிக்கும்” என்று அறிவிப்பு வேறு. சத்தம் கேட்டதும் இரண்டாம் மாடித் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் வெந்நீரோடு வருவாள். தெம்பு வந்ததும் இரண்டு தட்டு. “போலாம், ரைட்!” அதுவரை யாரும் நகரக் கூடாது. மெக்கானிக் மட்டும் பையும் கையுமாக நாலு படி தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓடாத இயந்திரம் துருப்பிடிக்கும் என்பது அவர் தொழிலில் கண்டது. டாக்டரும் தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார். மிச்சத்தை இவராகச் சேர்த்துக்கொண்டார். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, பையை வைத்துவிட்டு வருகிறேன் என்று முன்னால் ஏறியவர், இரண்டாம் மாடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குள் ஒளித்துவிட்டார்.

அவள் ஏறி வந்து வெறும் தரையைப் பார்த்தாள். மேலே நின்ற அவரையும் பார்த்தாள்.

“என்னங்க, இன்னைக்கு எக்ஸ்பிரஸா? நடுவுல நிக்காதா?”

“ஏறித்தான் பாரேன். உக்காந்து உக்காந்துதான் அசதி கூடுது.”

ஏறிவிட்டாள். அவருக்கு ஜெயித்தமாதிரிகூட இருந்தது. அப்புறம் நாலு நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். கஞ்சியைக்கூட அவர்தான் கரண்டியால் புகட்டினார். ஐந்தாம் நாள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக் கடைசிவரை சொல்லவே இல்லை. பாழாய்ப்போன வாய்! அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். மைத்துனன் முன்னால் நடந்து, “பாத்து, பாத்து” என்று வழி காட்டினான். மூன்றாம் மாடி தாண்டியது. இரண்டாம் மாடியில் மெக்கானிக் கை காட்டினார்.

“எறக்குங்க.”

“மாமா, இன்னும் ரெண்டே மாடிதான். ஒரே மூச்சுல போயிடலாம்.”

“வேணாண்டா. ஒரே மூச்சுல வேணாம். அவ இங்க நிப்பா.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டித் தள்ளினார். “அஞ்சே அஞ்சு நிமிஷம்.”

இறக்கினார்கள். அவர் சொன்னபடியே, நாற்காலி இருந்தும் இடம் போதுமானதாக இருந்தது. அதில் அவர் உட்கார்ந்தார். அது அங்கே கிடந்த இத்தனை மாதத்தில் ஒருதரம்கூட அவர் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால், வீட்டுக்கு ஏற வேண்டிய படிகள்தான் நேரே தெரிந்தன. தினமும் ஏறி இறங்குகிற படிகள்தான். இங்கிருந்து பார்க்கும்போது நிறைய இருந்தன.

தையல்காரம்மா பழக்க தோஷத்தில் டம்ளரோடு வெளியே வந்துவிட்டாள். வந்த பிறகுதான் உறைத்தது போல, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். மெக்கானிக் கையை நீட்டி வாங்கினார். வெந்நீரை மெல்ல மெல்லக் குடித்து முடித்தார்.

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மைத்துனன் எட்டிப் பார்த்து, பொறு என்று சைகை செய்தான். நாலு பேரும் குனிந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

அவர் கைப்பிடிக் கம்பியில் ஒரு தட்டு தட்டினார்.

இரண்டாவது தட்டுக்காக எல்லாரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.