ஒரே கார், இரண்டு ஸ்க்ரூடிரைவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு மெக்கானிக்கிடம் சுட்டது. என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டியபடியே சொன்னார்: "ஒரே காரு சார். புருஷன் பொண்டாட்டி, ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவர். எப்படி ஓடும்?" அதற்குள் பஞ்சர் முடிந்துவிட்டது. மீதி என் தலையில்.

2

'ஒரு ரம்மியமான மாலைப்பொழுதில் அந்தப் பழைய கார்...'

(வேண்டாம். ரம்மியமான பொழுதில் எந்தக் காரும் மக்கர் செய்வதில்லை.)

கணவர் தையல்காரர். மனைவி கணக்கு டீச்சர். காருக்கு இரண்டு கார்புரேட்டர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்காவிட்டால் சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணையும். அணைந்தது. 'ஞாயிறு பத்து மணிக்குள் நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போகட்டும்' என்று டீச்சர் கெடு வைத்தார்.

தையல்காரருக்கு அது தன் முதல் கார். தினமும் காலையில் இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாயைக் கார்புரேட்டர் வாயிலும் காதிலும் வைத்து, இரண்டிலும் 'ஸ்ஸ்' ஒன்றாகக் கேட்கும்வரை ஸ்க்ரூவைத் திருப்புவார். மறுநாள் பார்த்தால் கலைந்திருக்கும்.

3

(முதல் பிரதியில் டீச்சர் வில்லி. வேண்டுமென்றே கலைக்கிறார். ஆனால் ஓடாத காரைக் கெடுப்பானேன்? சும்மா இருந்தாலே போதுமே! அடித்துவிட்டேன்.)

ஞாயிறு காலை, ஸ்க்ரூவும் கையுமாக நின்ற டீச்சரைத் தையல்காரர் கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஏம்மா, கெடுவும் வெச்சிட்டு ஸ்க்ரூவையும் திருப்புறியா?"

"சரி பண்ணத்தாங்க. இன்னிக்குக் கெடுன்னு காலையிலேயே வந்துட்டேன். தினம் சாயங்காலம் நீங்க குளிக்கப் போனதும் வருவேன். பின்னால உள்ளதுல சத்தம் ஜாஸ்தி, குறைச்சு வெப்பேன்."

"அப்ப ஆறு நாளா நான் உன்னையா ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்?"

"முன்னாலதுக்கு வலது காதை வெக்கிறீங்க. பின்னாலதுக்கு இடது காது. அதுதான் மந்தமாச்சே! கேக்கலைன்னு ஏத்திட்டே போறீங்க."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"கெடு வெச்சவளே சரி பண்ணிக் குடுத்தா என் மரியாதை என்னாகுறது?"

4

டீச்சர் கேட்க, தையல்காரர் திருப்ப, இன்ஜின் ஓடுகிறது. வாசலில் இரும்புக்காரர் வண்டி. நாலு நிமிடம் ஐம்பது விநாடி ஆகிவிட்டது.

முடிவு ஒன்று: அணைந்தது. (டீச்சரின் முகத்தை எழுத என்னால் ஆகவில்லை.)

முடிவு இரண்டு: ஓடியது. (அப்படியானால் எனக்குக் கதை சொன்ன மெக்கானிக்கிடம் எதற்குப் போனார்கள்? சிரித்துவிட்டு வரவா?)

இன்னும் பத்து விநாடி. இந்தாருங்கள், குழாய். முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. தயவுசெய்து ஒரே காதால் கேளுங்கள்.