ஏழாம் தொட்டி

சவ வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவள் கிண்ணத்தில் பாலை ஊற்றித் தண்ணீர் கலந்துகொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் என்று நினைத்து நாத்தனார் டம்ளர்களை அடுக்கினாள்.

"அது குடிக்கறதுக்கில்ல. கை முக்கறதுக்கு."

"இன்னைக்குமா அண்ணி?"

"உங்க அண்ணன் எழுந்து வந்து கத்தணுமா?"

கூடத்தில் படுத்திருந்தவர் வாழ்நாளில் குடித்த பாலைவிடக் கை கழுவிய பால் அதிகம். குடைமிளகாய்ச் செடிக்கு ஒரு வைரஸ் உண்டு. அது மனித விரலில் தொற்றிக்கொண்டு தொட்டி விட்டுத் தொட்டி போகும். பாலில் முக்கிய விரலில் அதன் ஜம்பம் பலிக்காது. முப்பத்தொரு வருடத்தில் அவர் தொழிலைப் பற்றி மனைவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதை அவர் வீட்டில் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

விதைக் கம்பெனியில் அவருக்குப் பால்காரர் என்று பெயர். பார்வையிட வந்த மேலதிகாரியின் கையை முழங்கை வரை பாலில் அழுத்தியவர். அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் தெருப் பூனைகள் விரலை நக்க வரிசையில் நிற்கும். ஒருநாள் பேருந்து தாமதமானபோது அவை நிறுத்தத்துக்கே போய் விசாரித்தன என்கிறார்கள். சொன்னவர்கள் பொய் பேசுகிற ஆட்கள் இல்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை கட்டினார். உள்ளே இருபத்துநாலு தொட்டி. பட்டாணி அளவு காய்க்கும் ஒரு காட்டு மிளகாயைக் குடைமிளகாயோடு சம்பந்தம் பேசி, பதினொரு வருடத்தில் பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் கண்டுவிட்டார். போன வாரம், எந்தச் செடி நோயை எதிர்க்கிறது என்று பார்க்க, நோய் பிடித்த இலையை அரைத்து, சாற்றில் நைசான மணல்பொடி சேர்த்து, செடிக்கு இரண்டு இலை வீதம் விரலால் தேய்த்தார். மறுநாள் படுக்கையில் விழுந்தார். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் ஏழாம் தொட்டியைப் பற்றி மட்டும்தான்.

"ஏழு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"இலை?"

"அப்படியேதான் இருக்கு."

நேற்றுக் காலை அவள் போய்ப் பார்த்தாள். ஏழாம் தொட்டியில் அவர் தேய்த்த இலை இரண்டும் மண்ணில் கிடந்தன. மற்ற இருபத்துமூன்றும் பச்சைப்பசேலென்று நின்றன. மனுஷன் தாங்குவாரா? இலைகளைப் பொறுக்கி, அங்கே மேசைமேல் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்துவைத்தாள்.

"ஏழு?" என்றார் அவர்.

"ஒரு இலைகூட உதிரலைங்க. சத்தியமா."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. மாலை நாலரை மணிக்கு மூச்சு நின்றது.

அந்தச் "சரி"யை அவள் நிம்மதி என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் நண்பர் வந்தார். கம்பெனியில் பால்காரரோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். கல்யாணப் பத்திரிகையைக்கூட அதை வைத்துத்தான் படிப்பார், ஏதாவது பூச்சி இருக்கிறதா என்று. நண்பரின் காலருகே நின்று அழுதுவிட்டு, கேட்காமலே பின்பக்கம் போனார். பாலில் கையை முக்கினார். அவளும் முக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அண்ணி! ஏழைப் பாத்தீங்களா? தேய்ச்ச இலை ரெண்டையும் காணோம்!"

"என்னைத் திட்டாதீங்க. தண்ணிகூட அவர் சொன்ன அளவுதான் ஊத்தினேன்."

"திட்டறதா? இதுக்குத்தானே அண்ணி பதினொரு வருஷம்! வைரஸ் ஏறின இலையச் செடியே கழட்டிப் போட்டுடுச்சு. உள்ள விடல. கொழுந்தப் பாருங்க, எவ்வளவு சுத்தம்! மத்ததெல்லாம் இலையப் பத்திரமா புடிச்சு வெச்சிருக்கே, அதுங்கதான் காலி. இன்னும் ஒரு வாரத்துல திட்டுத் திட்டா வெளுத்துச் சுருண்டுடும்."

அவள் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்தாள்.

"பால்காரருக்குத் தெரியுமா அண்ணி? இலை உதிர்ந்தது?"

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

"தெரியும். நேத்து காலைலயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சரின்னார்."

பூதக்கண்ணாடி சிரித்தார். "அவ்வளவுதானா? கல்லுளிமங்கன்!" கண்ணைத் துடைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். செடிகளுக்கு நடுவில் முகத்தைத் தொடக்கூடாது என்பது பால்காரர் போட்ட சட்டம்.

கூடத்தில் உடலைத் தூக்கப் போனவர்களை அவள் நிறுத்தினாள். மறுபடியும் பின்பக்கம் போய் மணிக்கட்டு வரை பாலில் முக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்தாள். திறந்து ஒருமுறை பார்த்தாள். மூடி அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"கண்ணாடி இங்க மேசைமேல கெடக்கே அண்ணி. வெறும் கூட்டை எதுக்கு வெக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டும்."

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து, தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.