ஆறு விநாடி குனிந்தேன்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு இன்னும் அசிங்கம்.

சண்டைக்கலைகளைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். சண்டை போடத் தெரியாதவன் சண்டையைப் பற்றி எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எல்லாரையும் குறை சொல்லலாம், யாரும் திருப்பி அடிக்க மாட்டார்கள். ‘ஜூடோவா, குத்துச்சண்டையா, எது மேல்?’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். தாளின் நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் ஜூடோ, அந்தப் பக்கம் குத்துச்சண்டை. தூரம், பிடி, கால்வைப்பு, மூச்சு, கையை வைத்துக்கொள்ளும் உயரம், விழும் முறை என்று பன்னிரண்டு வரிசை வந்தது. அத்தனையும் அழகாக இருந்தது. பதின்மூன்றாவதாக ஒரு வரிசை போட்டிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

அது என்ன வரிசை என்று கடைசிவரை ஒளித்துவைத்து உங்களோடு கண்ணாமூச்சி ஆடப்போவதில்லை. ‘போதும் என்று எதிராளிக்கு எப்படிச் சொல்வது?’ அவ்வளவுதான்.

2

எழுதி எறிந்த தொடக்கங்கள்:

‘வியர்வையும் ரத்தமும் கலந்து வீசிய அந்தக் கூடத்தில்—’

பொய். ரத்தமெல்லாம் இல்லை. டயர் கடைக்கு மேலே ஒரு மாடிக்கூடம். ஃபினாயிலும் ஈரச் சாக்ஸும் நாறும். ரத்தம் என்று எழுதினால் வீரமாக இருக்கும் என்று கை தானாகவே எழுதுகிறது. இந்தக் கையை நான் நம்புவதை விட்டு மூன்று மாதமாகிறது.

‘இரண்டு சிங்கங்கள் ஒன்றையொன்று—’

இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்கால் பட்டை, இன்னொருவருக்குப் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். சிங்கமாம்.

‘என் தங்கையின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு விழுந்தார். செவ்வாய் மதியம் போய்விட்டார்.’

இது உண்மை. இதையே தொடக்கமாக வைத்திருக்கலாம். மூன்றாவது இடத்தில் வைத்ததற்குக் காரணம் கோழைத்தனம் தவிர வேறொன்றுமில்லை.

3

தங்கை கணவரை நான் மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்பார். வாரம் மூன்று நாள் ஜூடோ. பத்தொன்பது வருடப் பழக்கம், கறுப்புப் பட்டை.

ஜூடோவில் முதலில் சொல்லிக்கொடுப்பது தூக்கிப்போடுவதை அல்ல, விழுவதை. மாதக்கணக்கில் விழ வேண்டும். பின்னால் விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கண்ணால் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. இரண்டு கையாலும் மெத்தையை ஓங்கி அறைந்தால் அடி கைக்குப் போய்விடும். மாப்பிள்ளை பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை இப்படி விழுந்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அதே முதல் நாளில் இன்னொன்றும் சொல்லித்தருவார்கள். வலி தாங்கவில்லையா, எதிராளியின் உடம்பில் இரண்டு தரம் தட்டு. தட்டியது உன் மேல் பட்டதா, அந்த நொடியே விடு. ஏன், எதற்கு என்று கேட்காதே. தட்டுகிறவனுக்கு அதில் வெட்கம் கிடையாது. மறுநாளும் வந்து பயிற்சி செய்ய வேண்டாமா?

குத்துச்சண்டைக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதனால் லிஃப்ட்காரர் என்றே சொல்கிறேன். அவருடைய பயிற்சிக்கூடத்தில் முதல் நாள் பாடம் வேறு. மணி அடிக்கும்வரை கையை இறக்காதே. மூன்று நிமிடம் கயிறு தாண்டு, மூன்று நிமிடம் நிழலோடு குத்து, மூன்று நிமிடம் மூட்டையைக் குத்து. எல்லாவற்றுக்கும் மணிதான் எஜமான். அங்கேயும் தட்டுவது உண்டு. கூடப் பயிற்சி செய்கிறவர் நல்ல குத்தாக ஒன்று விட்டால், நெருங்கி நிற்கும்போது அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார்கள். நல்ல குத்து, அடுத்தது வா என்று அர்த்தம்.

(மேலே உள்ள மூன்று பத்தியும் கட்டுரைக்காக எழுதியவை. கடைசி மூன்று வாக்கியம் மட்டும் பிறகு சேர்த்தது. எல்லாம் முடிந்து பதினேழு நாள் கழித்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது.)

4

லிஃப்ட்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை முரடனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். கதைக்கு அது எவ்வளவு வசதி! தடித்த கழுத்து, சிவந்த கண், எதற்கும் ஓர் உறுமல். எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் கையில் சுற்றும் துணியைக் கழற்றியதும் சுருக்கம் நீவிச் சுருட்டிவைக்கிறவர். ஜூடோக் கூடத்துக்குப் படி ஏறி வந்ததும், “செருப்ப எங்க விடட்டும்?” என்று கேட்டவர். என்னால் அவரைக் கெட்டவராக்க முடியவில்லை. ஆக்கியிருந்தால் இரண்டு பக்கத்தில் கதை முடிந்து நானும் தூங்கியிருப்பேன்.

இருவரையும் மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்றது நான்தான். அட்டவணைக்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. மூன்றே நிமிடம், பாதி பலம், விளையாட்டாக. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

விதிகளை முக்கால் மணி நேரம் பேசினோம்.

“நான் பிடிச்சுக்கலாமில்ல?” என்றார் மாப்பிள்ளை.

“தாராளமா. பிடிச்சா நான் விலாவுல குத்துவேன், பரவால்லயா?”

“குத்துங்க. பாதி பலம்னா எவ்வளவு?”

லிஃப்ட்காரர் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி ஒன்று விட்டார். தோள்வரை மரத்துப்போயிற்று.

“இது பாதியாங்க?” என்றேன்.

“சரி சார், காலுன்னு வெச்சுக்குவோம்.”

மூவரும் சிரித்தோம். கழுத்தை நெரிக்கக் கூடாது, மூட்டை முறுக்கக் கூடாது, மெத்தைக்கு நடுவில் மட்டுமே தூக்கிப்போடலாம், தலைக்குக் கவசம், ஒருவருக்குப் பெரிய கையுறை, இன்னொருவருக்கு விரல் திறந்த உறை. எல்லாம் பேசினோம். நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது முதல் நாள் பாடம். பத்தொன்பது வருடம் பழகியவரிடம் போய் முதல் நாள் பாடத்தை யாராவது கேட்பார்களா? உலகம் முழுக்க அப்படித்தான் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் படித்து அட்டவணை போட்டவன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5

என் வேலை இரண்டு. ஸ்டாப்வாட்சைப் பார்த்து விசில் ஊதுவது, நோட்டில் குறிப்பெடுப்பது.

முதல் நிமிடம் மாப்பிள்ளையால் கிட்டேயே போக முடியவில்லை. இடக்கைக் குத்து ஒவ்வொன்றும் நெற்றிக்கவசத்தில் வந்து நின்றது. ‘தூரம்: குத்துச்சண்டைக்கே’ என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் ஒரு குத்தை வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்து லிஃப்ட்காரரின் முதுகைச் சுற்றி வலக்கையைப் போட்டார். இனித் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு ஒரே குஷி. அட்டவணையின் ஏழாவது வரிசையான தூக்கிப்போடுதல் கண்ணெதிரே நடக்கப்போகிறது. குனிந்து எழுதினேன்:

‘கிட்டே வந்துவிட்டால் குத்துக்கு இடமே—’

அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதி முடிக்கவில்லை. குப்பென்று ஒரு சத்தம் கேட்டது, விலாவில் விழுந்த குத்து. பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு இன்னொரு சத்தம். பிறகு மெத்தையில் அறைகிற சத்தம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மாப்பிள்ளை மெத்தைக்கும் சுவருக்கும் இடையே இருந்த சிமென்ட் தரையில் தலைவைத்துப் படுத்திருந்தார். கவசம் நெற்றியைத்தான் மூடும், பின்மண்டையை மூடாது.

வீட்டுக்கு வந்து அதே பேனாவால் அதே வரியை அதே அவசரத்தோடு எழுதிப் பார்த்தேன். ஆறு விநாடி ஆகிறது. இருபது தடவை எழுதினேன். ஒரு தடவைகூட ஐந்துக்குக் குறையவில்லை.

குத்து ஒன்றுமே செய்யவில்லை, தரைதான் செய்தது என்றார் டாக்டர். பாதி பலத்துக்கும் குறைவான குத்து. அவ்வளவு நன்றாக விழத் தெரிந்தவர் ஏன் மோவாயை ஒட்டவில்லை? தட்டிவிட்டு, முடிந்தது என்று உடம்பைத் தளர்த்திவிட்டவர் ஒட்ட மாட்டார். விலாக் குத்திலேயே கண் இருட்டிப்போனவரும் ஒட்ட மாட்டார். இரண்டுமே ஜூடோவுக்கும் பொருந்துகிறது, உடற்கூற்றுக்கும் பொருந்துகிறது. நான் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த இடத்தில் வந்து ஒன்றுக்கும் உதவாமல் நிற்கிறது.

6

[இந்தப் பகுதியில் மருத்துவமனை இருந்தது. எடுத்துவிட்டேன். அதைக் கதையாக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

7

தங்கை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“அண்ணா, அவர் தட்டினாரா?”

“என்னம்மா?”

“அன்னிக்குக் காலைல வாசல்ல நின்னு சொன்னேன். வலிச்சா உடனே தட்டிடுங்க, அங்க போய் வீரம் காட்டாதீங்கன்னு. சரி சரின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நீ எதிர்லதான உக்காந்திருந்த? தட்டினாரா இல்லையா?”

அவள் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். தட்டவில்லை என்றால் அவர் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வீம்புக்கு நின்று செத்தார் என்றாகும். தட்டினார் என்றால் கடைசி நொடியில் வீட்டுக்கு வரத்தான் நினைத்தார் என்றாகும். அவளுக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

“தட்டினாரும்மா. ரெண்டு தரம். நான் விசிலை எடுக்கறதுக்குள்ள...” என்றேன்.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நல்லது செய்தோம் என்று நினைத்தேன். என்ன தைரியம் எனக்கு!

பதினேழாம் நாள் லிஃப்ட்காரர் நான் இருக்கும் இடம் தேடி வந்தார். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், என் முதுகுல என்னமோ பட்டுது. அவர் பிடிச்சிருந்த கைதான் நழுவுச்சோ, இல்ல தட்டினாரோ, தெரியல. எங்க எடத்துல அப்படித் தட்டினா நல்ல குத்து, அடுத்தது வான்னு அர்த்தம். அதான் அடுத்ததும் விட்டேன்.” விரலிலிருந்த கிரீஸை வேலை உடுப்பில் துடைத்தார். “ஜூடோவுல அப்படித் தட்டினா போதும்னு அர்த்தமாமே? நேத்துதான் ஒருத்தர் சொன்னாரு. நீங்கதான் சார் பாத்துட்டிருந்தீங்க. அவர் தட்டினாரா? போதும்னு சொன்ன மனுசனையா நான் அடிச்சேன்?”

அந்தக் கையைப் பார்த்தேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் பத்து மாடி உயரத்தில் லிஃப்ட் கம்பியில் வேலை செய்ய வேண்டும்.

“இல்லீங்க. தட்டல. பிடிதான் நழுவுச்சு. நான் நல்லாப் பாத்தேன்” என்றேன்.

அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிரீஸ் போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

8

முடிவுகள்.

(அ) அவர் தட்டினார். தங்கை பிழைத்தாள். லிஃப்ட்காரர் ஒழிந்தார்.

(ஆ) அவர் தட்டவில்லை. லிஃப்ட்காரர் பிழைத்தார். தங்கைக்கு இருந்த ஒன்றும் போயிற்று.

(இ) எழுத்தாளன் எழுந்து நின்று, நான் பார்க்கவே இல்லை, எழுதிக்கொண்டிருந்தேன் என்கிறான். யாரும் பிழைக்கவில்லை. அவனுக்கு மட்டும் பாரம் இறங்குகிறது. அதனாலேயே இந்த முடிவின் மேல் எனக்குச் சந்தேகம்.

வழக்கமாக மூன்று முடிவும் எழுதி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம். இந்தத் தடவை முடியாது. நேற்றுத் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, அந்த லிஃப்ட்காரர் பாவம். இன்னிக்கு வரைக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஞாயித்துக்கிழமை காலைல அவரைக் கூட்டிட்டு வா. அவர் மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லணும். தட்டினது அவருக்குப் புரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்னு சொல்லணும்.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல? இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை அவள் வீட்டுக் கூடத்தில் மூன்று நாற்காலி இருக்கும். அவள் ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்த வார்த்தையைச் சொல்வாள். அவர் என் பக்கம் திரும்புவார். அவளும் திரும்புவாள். எதிர்ப்பட்டவரின் வலியைத் தீர்க்க வாயில் வந்ததைச் சொன்னவன் நடுவில் உட்கார்ந்திருப்பான்.

அதற்குள் இதை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுதத் தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அந்த ஆறு விநாடியைத் திரும்பத் திரும்ப எழுதினால் மாப்பிள்ளையின் வலக்கை எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பதினான்கு பிரதி எழுதியாயிற்று. ஒவ்வொன்றிலும் நோட்டுதான் தெரிகிறது.

9

என்னால் ஆகவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்.

மாடிக்கூடம், கீழே டயர் கடை, ஞாயிறு காலை பதினொன்றே கால். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நோட்டு கொண்டுபோகாதீர்கள். பேனாவும் வேண்டாம். மாப்பிள்ளை உள்ளே நுழைந்துவிட்டார், அவர் கை லிஃப்ட்காரரின் முதுகைச் சுற்றியிருக்கிறது. விலாவில் குத்து விழுந்துவிட்டது. இப்போது அந்த வலக்கையை மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள். அது தட்டுகிறதா, நழுவுகிறதா? பார்த்துச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் அதையே சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் பார்க்கவில்லை. இந்த வரியைப் படிக்கக் குனிந்திருந்தீர்கள்.